கோவிலின் இலக்கணமும் பேச்சின் இலக்கணமும்

மொரீஷியஸில் கட்டடக்கலை பயிலும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கட்டடத்துக்கும் மொழியைப் போலவே இலக்கணம் உண்டு என்று வகுப்பில் சொல்கிறார்கள். இது அழகுக்காகச் சொல்லப்படும் உவமையா, ஆராய்ந்தால் நிற்கக்கூடிய ஒப்புமையா? நம் தீவிலுள்ள தமிழ்க் கோவில்களை வைத்து இதை விளக்க முடியுமா? இதையே ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டால் எங்கிருந்து தொடங்கலாம்?"

கட்டமைப்பைப் பொறுத்தவரை இந்த ஒப்புமை நிற்கும். பொருளுணர்த்துவதைப் பொறுத்தவரை நிற்காது. நம் தீவில் கோவிலும் பேச்சும் ஒரே மக்களின் கையில், ஏறத்தாழ ஒரே காலத்தில், எதிரெதிர்த் திசைகளில் மாறியிருக்கின்றன. ஆகவே இந்த ஒப்புமையைச் சோதித்துப் பார்ப்பதற்கு மொரீஷியஸைப் போன்ற நல்ல இடம் எளிதில் அமையாது என்பது என் கருத்து.

எண்ணம் பழையது. கட்டடத்தின் விளிம்பு வார்ப்புகளின் வடிவங்களும் பிற உறுப்புகளும் ஒரு சொற்பொழிவில் சொற்கள் செய்யும் வேலையையே செய்கின்றன என்று பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் ஜெர்மேன் பொஃப்ரான் 1745-இல் எழுதினார். அவர் அப்படி எழுதிய காலத்தில்தான் நம் தீவின் போர்ட் லூயிஸ் நகரம் எழும்பிக்கொண்டிருந்தது. 1735-இல் ஆளுநராக வந்த மாஹே தெ லா பூர்தொன்னே, பாண்டிச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் கொல்லர்களையும் வரவழைத்து இங்கே வேலை செய்வித்தார். கப்பலில் வந்த கைகளுக்குச் சோழமண்டலக் கரையின் கட்டுமுறை பழக்கமாக இருந்தது. இங்கே கட்டச் சொன்னதோ பிரெஞ்சுக்காரர்களின் கிடங்கும் மருத்துவமனையும் கோட்டையும். வீட்டில் ஒரு மொழியும் வேலையிடத்தில் இன்னொரு மொழியுமாக வாழ்பவர்களின் நிலைதான் அது. பின்னாளில் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1977-இல் வீடு, தெரு, ஊர் ஆகியவற்றின் அமைப்பை 253 வடிவ விதிகளாகப் பிரித்து, அவற்றை ஒரு மொழி என்றே அழைத்தார்கள். லண்டனில் பில் ஹில்லியர் 1970-களிலிருந்து அறைகளின் தொடர்ச்சியைச் சொற்றொடரியலைப் போல ஆராய்ந்தார். இவர்களைப் பற்றி உங்கள் வகுப்பிலேயே போதிய அளவு சொல்லியிருப்பார்கள். நான் தமிழ்ப் பக்கமிருந்து வருகிறேன்.

நன்னூல் ஒரு சொல்லை எப்படிப் பிரிக்கிறது என்பதைப் பாருங்கள். "நடந்தனன்" என்பது நட, த், த், அன், அன் என ஐந்தாகப் பிரியும். முதல் த் என்னும் சந்தி ந் ஆகத் திரிந்தது விகாரம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்னும் இந்த ஆறும் பகுபத உறுப்புகள். கருவறையும் அதன்மேல் எழும் கோபுரமும் சேர்ந்த திராவிட விமானத்துக்கும் சிற்ப நூல்கள் ஆறு அங்கங்களைச் சொல்கின்றன: அதிட்டானம் (அடித்தளம்), சுவர், பிரஸ்தரம் (சுவரின் மேலுள்ள கூரை விளிம்பு), கிரீவம் (கழுத்து), சிகரம் (முடிக்கூரை), ஸ்தூபி (உச்சிக் கலசம்). ஆறுக்கு ஆறு என்று மகிழ்ந்துவிட வேண்டாம். எண் பொருந்தியது தற்செயல். அதன்மேல் ஆய்வேடு எழுதினால் அது நிற்காது. கவனிக்க வேண்டியது வேறு. இரண்டிலும் உறுப்புகளின் வரிசை மாறாது. விகுதி பகுதிக்கு முன்னால் வராது. சிகரத்துக்கு மேல் பிரஸ்தரம் ஏறாது. இரண்டிலும் சில உறுப்புகள் இன்றியமையாதவை, சில வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். இரண்டிலும் ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டே போகலாம்: விமானத்தில் சுவரும் பிரஸ்தரமும் சேர்ந்த தளம், தமிழில் "செய்வித்துக்கொண்டிருந்தான்" என்பதுபோல வினையின் பின்னால் ஏறும் துணைவினைகள். ஒரே தளமுள்ள சிற்றாலயமும், 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோவிலின் பதின்மூன்று தள விமானமும் ஒரே விதியிலிருந்து பிறந்தவை. சிறியதைக் கற்றவர் பெரியதைப் படித்துவிடலாம். விதிகள் சில, விளைவுகள் எண்ணற்றவை என்பதுதான் இலக்கணத்தின் அடையாளம் என்றால், அது கோவிலிலும் இருக்கிறது.

இதற்கும் ஆழமான பொருத்தம் ஒன்று உண்டு. அதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விமானத்தின் ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் ஒரு வரிசை ஓடும். அதை ஆரம் என்பார்கள். மூலைகளில் சதுரமான கர்ணகூடு, நடுவில் சாலை எனப்படும் நீள்சதுர உறுப்பு, இடையிடையே பஞ்சரம் எனப்படும் குறுகிய உறுப்பு. கீழிருந்து பார்ப்பவருக்கு இவை அலங்காரமாகத் தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு முழுக் கோவிலின் சிற்றுருவம் என்பது விளங்கும். கர்ணகூட்டுக்கும் சுவர் உண்டு, கூரை உண்டு, சிகரம் உண்டு, உச்சியில் கலசமும் உண்டு. மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தில் இதைத் தெளிவாகக் காணலாம்: கோவிலின் மேல் கோவில்கள் வரிசையாக அமர்ந்து ஒரு பெரிய கோவிலை உண்டாக்குகின்றன. அதாவது, முழுமையான ஒன்று இன்னொரு முழுமைக்குள் உறுப்பாக நுழைகிறது.

தமிழ்த் தொடரிலும் இதுவே நடக்கிறது. "கொத்தர் சுவரை எழுப்பினார்" என்பது முழுத் தொடர். அதை இன்னொரு தொடருக்குள் வைக்க வேண்டுமானால் "கொத்தர் எழுப்பிய சுவர் இன்னும் நிற்கிறது" என்கிறோம். உள்ளே போன தொடர் ஒன்றை இழக்கிறது: "எழுப்பினார்" என்ற வினைமுற்று "எழுப்பிய" என்ற எச்சமாகிறது. யார், எத்தனை பேர் என்று காட்டும் விகுதி விழுந்துவிடுகிறது. தனித்து நிற்கும் ஆற்றல் போய்விடுகிறது. காலமும் எழுவாயும் மட்டும் தங்குகின்றன. ஆரத்தில் ஏறிய சிற்றாலயமும் ஒன்றை இழக்கிறது: அதற்குள் கருவறை இல்லை. வாசல் போன்ற ஒரு மாடம் இருக்கும். யாரும் நுழைய முடியாது. வெளித்தோற்றம் முழுவதும் இருக்க, உள்ளிடம் மட்டும் நீங்கியிருக்கிறது. பெரியதற்குள் அடங்குவதற்காகச் சிறியது தன் தனிமுடிவை விட்டுக்கொடுக்கிறது என்னும் இந்த விதி இரண்டிலும் ஒன்றே. மேலோட்டமான உவமை இத்தனை நுணுக்கமாகப் பொருந்தாது. கட்டடத்துக்கும் மொழிக்கும் உள்ள உறவைப் பற்றி எனக்கு ஒரே ஒரு சான்று காட்ட வாய்ப்புக் கிடைத்தால் இதைத்தான் காட்டுவேன்.

வரலாற்று மாற்றத்திலும் இரண்டும் நெருங்கி வருகின்றன. பிரஸ்தரத்தில் வெளியே வளைந்து தொங்கும் கபோதம் ஓலைக் கூரையின் இறவாரத்தைக் கல்லில் செதுக்கியது. அதன்மேல் உள்ள குதிரைலாட வடிவக் கூடு மரக்கூரையின் முகப்பிலிருந்து வந்தது. திரௌபதி ரதம் முழுவதுமே ஒரு கூரைக் குடிசையின் கல் வடிவம். கல்லுக்கு அந்த வளைவு தேவையில்லை. மழைநீரை வடிக்க ஓலைக்குத்தான் அது தேவைப்பட்டது. காரணம் மறைந்த பிறகும் வடிவம் நின்றுவிட்டது. மொழியிலும் இப்படித்தான். ஒன்பதைக் குறித்த "தொண்டு" என்னும் பழஞ்சொல் தொல்காப்பியத்தோடும் பரிபாடலோடும் நின்றுவிட்டது. ஆனால் அதன் தடம் "தொண்ணூறு" என்பதில் இன்னும் இருக்கிறது. நம் தீவின் பள்ளிப் பிள்ளைகள் தொண்ணூறு என்று எண்ணும்போதும், நம் கோவில்களில் சிமெண்டில் வார்த்த கபோதத்துக்கு வண்ணம் பூசும்போதும், ஓலையையோ தொண்டையோ யாரும் நினைப்பதில்லை.

சந்திக்கு இணையானதும் உண்டு. தூண் உத்தரத்தைச் சந்திக்கும் இடத்தில் போதிகை வருகிறது. பல்லவர் காலத்தில் அது அலைவரிகளோடு வளைந்திருந்தது. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் முனை துருத்தியது. விஜயநகரக் காலத்தில் தாமரை மொட்டாகக் கவிழ்ந்தது. பின்னர் வாழைப்பூவைப் போல நீண்டது. பாண்டிச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் 1914-இல் வெளியிட்ட ஆய்வில், போதிகை, கூடு போன்ற சிற்றுறுப்புகளின் இந்தப் படிப்படியான மாற்றத்தை வைத்தே தமிழகக் கோவில்களின் காலத்தை வரிசைப்படுத்தினார். ஒலி மாற்றங்களை வைத்து மொழிநூலார் ஒரு செய்யுளின் காலத்தைக் கணிப்பதற்கும் இதற்கும் முறையில் வேறுபாடில்லை. மொழியிலும் கட்டடத்திலும் மாற்றம் முதலில் தலைகாட்டும் இடங்களில் இணைப்பும் ஒன்று.

இனி ஒப்புமை உடையும் இடம். கட்டடத்தால் "இல்லை" என்று சொல்ல முடியாது. "வாரான்" என்ற ஒரே சொல்லில் தமிழ் ஒரு வருகையை மறுத்துவிடுகிறது. எந்தச் சுவராலும் எதையும் மறுக்க இயலாது. கட்டடத்துக்குக் கேள்வி கேட்கத் தெரியாது. நேற்று நடந்ததை நேற்று என்று சொல்லத் தெரியாது. பொய் சொல்லவும் உண்மை சொல்லவும் தெரியாது. இராசராசனுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தானும் தன் அக்கனும் தன் பெண்டுகளும் பிறரும் பெரிய கோவிலுக்குக் கொடுத்தவற்றை ஸ்ரீவிமானத்திலே கல்லில் வெட்டுக என்று அவன் ஆணையிட்டது அங்கேயே எழுத்தாக இருக்கிறது. அறுபது மீட்டர் உயரத்துக்கு எழுப்பிய பிறகும், யார் என்ன கொடுத்தார் என்ற எளிய செய்தியைச் சொல்ல அதிட்டானத்தில் எழுத்து வெட்ட வேண்டியிருந்தது. கட்டடம் ஒரு மொழி என்று சொல்லும் பேராசிரியர்கள் இந்தக் கல்வெட்டைக் கடந்து போய்விடுகிறார்கள். கட்டடத்துக்கு இலக்கணம் உண்டு; அகராதி இல்லை என்று சொல்வதே பொருத்தம்.

ஆனால் இட வரிசையால் மட்டும் உணர்த்தக்கூடிய ஒருவகைப் பொருள் உண்டு. அதில் இரண்டும் மறுபடி சேர்கின்றன. கொடிமரம், பலிபீடம், வாகனம், மகாமண்டபம், அர்த்தமண்டபம், கருவறை என்று உள்ளே போகப் போக இடம் சுருங்கி, வெளிச்சம் குறைந்து, நுழையத் தகுதியுடையோரின் எண்ணிக்கையும் குறைகிறது. எது பின்னால் இருக்கிறதோ அது உயர்ந்தது. எழுத்தில் எது மேலே இருக்கிறதோ அது உயர்ந்தது. 1998-இல் வந்த மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் வழக்கமான வரிசை மாறித் தமிழ், இந்திக்குக் கீழே இடம்பெற்றபோது நம் மக்கள் கொதித்தெழுந்ததும், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டுப் பழைய வரிசையில் மீண்டும் அச்சிடப்பட்டதும் நினைவிருக்கும். அதில் ஒரு சொல்கூட மாறவில்லை. இடம் மட்டுமே மாறியது. அந்தக் கோபத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வரிசை ஒரு பொருளைச் சொல்கிறது என்பதைக் கோவிலுக்குள் நடந்து பழகிய மக்கள் உடனே புரிந்துகொண்டார்கள்.

இப்போது நம் தீவுக்கு வருவோம். 1834-இலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய தமிழர்கள் கணிசமானோர். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் எழுப்பிய முதல் கோவில்களுக்குக் கருங்கல் தூணும் இல்லை, சுதை வேலைக்கு ஆளும் இல்லை. மரத்தடியில் ஒரு கல், அதற்கு மேல் நான்கு கம்பு, பிறகு தகரக் கூரை. வசதி வந்தபோது இத்தீவின் எரிமலைக் கல்லை வெட்டிச் சுவர் எழுப்பினார்கள். கடலிலிருந்து எடுத்த பவளப்பாறையைச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பு செய்தார்கள். பொருள் அனைத்தும் மாறிவிட்டது. ஆனால் வரிசை மாறவில்லை. தகரக் கூரையின் கீழும் பலிபீடம் வாகனத்துக்கு முன்னால்தான். தெய்வம் கடைசி அறையில்தான். சுற்றி வருவது வலமாகத்தான். போர்ட் லூயிஸில் எல்லாரும் கைலாசம் என்றே அழைக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போனாலும், தோட்டத்து ஓரத்தில் நிற்கும் மாரியம்மன் கோவிலுக்குப் போனாலும், கால்களுக்கு வழி தெரியும்.

பேச்சில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே வரிசை போய்விட்டது. சொற்கள் மட்டும் நின்றன. நம் வீடுகளில் பேசும், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோலில் ரசம் "ரசோன்" ஆக இருக்கிறது, முருங்கை "முரும்" ஆக இருக்கிறது, பீர்க்கங்காயும் கறிவேப்பிலையும் உருமாறி இருக்கின்றன. காவடி அப்படியே இருக்கிறது. ஆனால் இவை நிற்கும் தொடரின் கட்டு தமிழினுடையது அன்று. "சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்" என்று தமிழ் ஒரே சொல்லில், வினைக்குப் பின்னால் அடுக்கி, இறுதியில் ஆளைக் காட்டி முடிக்கும். கிரியோல் "மோ தி பே மான்ஸே" என்னும்: ஆள் முதலில், இறந்தகாலம் அடுத்து, தொடர்ச்சி அதற்கடுத்து, வினை கடைசியில், விகுதியே கிடையாது. ஒன்றைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் மற்றொன்று இருக்கிறது. பெயர்கள் நிலைத்தன, இலக்கணம் நிலைக்கவில்லை. கோவிலில் இலக்கணம் நிலைத்தது, கட்டுமானப் பொருள்கள் நிலைக்கவில்லை.

ஏன் இப்படி? என் விடை இது. பேச்சின் கட்டு, குழந்தை தன் வயதொத்த பிள்ளைகளோடு விளையாடும் சில ஆண்டுகளில் உறைந்துவிடுகிறது. தோட்ட முகாம்களில் தமிழ், தெலுங்கு, போஜ்புரி, ஆப்பிரிக்க வழியினர் என எல்லாருடைய பிள்ளைகளும் ஒன்றாக விளையாடினார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது கிரியோல். பெற்றோர் எவ்வளவு விரும்பினாலும் அந்த இடத்தில் அவர்கள் கை ஓங்காது. கோவிலின் கட்டையோ பெரியவர்கள் தெரிந்தே காத்தார்கள். தலைமுறைக்கு ஒருமுறை கட்டப்படும் ஒன்றை, ஒவ்வொரு நாளும் பூசையும் ஒவ்வொரு ஆண்டும் காவடியும் தீமிதியும் காவல் காத்தன. சடங்கு நடக்க வேண்டுமானால் இடம் அந்த வரிசையில் இருந்தாக வேண்டும். இதற்குச் சான்று கோவிலுக்குள்ளேயே கிடைக்கிறது. பாடப்படும் தமிழ் மட்டும் பேச்சுத் தமிழின் வழியில் போகவில்லை. தமிழ் எழுத்தறியாதவர்கள்கூடத் தேவாரத்தையும் திருப்புகழையும் ரோமன் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, வினைமுற்று மாறாமல், அடி பிறழாமல் பாடுகிறார்கள். சடங்கு தாங்கிய மொழி, கட்டடத்தைப் போல வரிசை குலையாமல் நின்றது. ஆகவே வேறுபாடு கல்லுக்கும் சொல்லுக்கும் இடையில் இல்லை. பழக்கத்தால் வாழ்வதற்கும் சடங்கால் வாழ்வதற்கும் இடையில் இருக்கிறது.

இதிலிருந்து எனக்கு ஒரு கவலை பிறக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க மனமில்லை. சில பத்தாண்டுகளாக நம் கோவில்களைப் புதுப்பிக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வருகிறார்கள். அவர்களின் கைத்திறனை நான் பெரிதும் மதிக்கிறேன்; நெடுநாள் இங்கே இல்லாதிருந்த ஆரமும் பஞ்சரமும் அளவு பிசகாமல் திரும்பி வந்தது அவர்களால்தான். ஆனால் அதே வேலையில், எரிமலைக் கல் சுவரும் சரிந்த தகரக் கூரையும் முன்னால் தாழ்வாரமும் கொண்ட பழைய தோட்டக் கோவில்கள் இடிக்கப்பட்டுவிடுகின்றன. அவை பிழையான கோவில்கள் அல்ல. இந்தத் தீவின் மழைக்கும் காற்றுக்கும் கைக்கெட்டிய பொருளுக்கும் ஏற்ப அந்த இலக்கணம் எடுத்த வட்டார வழக்கு அவை. நூல் வழக்கைக் கற்பிப்பதற்காக வட்டார வழக்கை அழிக்க வேண்டும் என்று எந்த மொழி ஆசிரியரும் இன்று சொல்லமாட்டார். கட்டடத்தில் மட்டும் அதைத் தயக்கமின்றிச் செய்கிறோம். பேச்சில் ஒரு வழக்கு மறைய இரண்டு மூன்று தலைமுறை ஆகும். கோவிலில் ஒரு கும்பாபிஷேகம் போதும்.

ஆய்வேட்டுக்கு எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். கைலாசத்தைப் போன்ற பெரிய கோவிலை எடுக்காதீர்கள். இன்னும் திருப்பணி தொடங்காத ஒரு தோட்டக் கோவிலைத் தேர்ந்தெடுங்கள். முதலில் தெருவிலிருந்து கருவறை வரை எத்தனை வாசல்படிகளைக் கடக்கிறோம், ஒவ்வொன்றிலும் யார் உள்ளே போகிறார்கள், யார் நின்றுவிடுகிறார்கள் என்பதைத் தரைப்படத்தில் குறியுங்கள். பூசை நாளில் ஒருமுறையும் பூசையில்லாத நாளில் ஒருமுறையும் குறித்தால் வேறுபாடு தெரியும். பிறகு அங்குள்ள பெரியவர்களிடம் ஒவ்வொரு உறுப்புக்கும் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். நூற்பெயர்களை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் மரியாதைக்காக அதையே திருப்பிச் சொல்வார்கள். கிரியோல் பெயரா, தமிழ்ப் பெயரா, பெயரே இல்லாமல் கையால் காட்டுகிறார்களா என்பதை அப்படியே எழுதுங்கள். பெயர் மறந்துபோன உறுப்பும் தன் இடத்தில் சரியாக அமைந்திருக்கிறதா என்று அதன்பின் சோதித்துப் பாருங்கள். அமைந்திருக்கும் என்றே எதிர்பார்க்கிறேன்; இல்லையென்றால், சடங்கைப் பற்றி நான் மேலே சொன்ன விளக்கத்தை நீங்கள் திருத்த வேண்டியிருக்கும், அதுவே உங்கள் ஆய்வேட்டின் பொருளாகவும் அமையும்.